பாதம் இல்லாத நாமம்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு எங்கே போய் நிற்கும் என்று உங்களுக்குத் தெரியும். சுகர் எவ்வளவு, பி.பி. எவ்வளவு, முட்டி எப்படி இருக்கிறது. போன மாதம் ஒரு கல்யாணத்தில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த மாமி, காலையிலிருந்து இடது கண் இமை தானாக இறங்கி இறங்கி வருகிறது, தூக்கம் போதவில்லை போலிருக்கிறது என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "வலது கையால அந்தத் தண்ணி பாட்டிலைத் தூக்குங்கோ, பார்க்கலாம்" என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுத் தூக்கினாள். இரண்டு கையையும் நீட்டச் சொன்னேன். என் விரல் ஒன்றாகத் தெரிகிறதா, இரண்டாகத் தெரிகிறதா என்று கேட்டேன். எல்லாம் சரியாகவே இருந்தது. இருந்தாலும் சாப்பிட்ட கையோடு டாக்டரிடம் போய்க் காட்டிவிட்டு வாருங்கள் என்று அவள் பிள்ளையைக் கூப்பிட்டு அனுப்பிவைத்தேன்.

"நீங்க டாக்டரா?" என்று கேட்டாள். இல்லை. பாங்கில் வேலை பார்த்து ரிடையர் ஆனவள். எனக்குத் தெரிந்த வைத்தியம் மொத்தமும் இவ்வளவுதான். அதையும் ஒன்பது வயதில், ஸ்ரீரங்கத்தில், மூன்று நாளில் தெரிந்துகொண்டேன்.

அறுபதுகளின் நடுவில் ஒரு ஆவணி மாதம். உத்தர வீதியில் எங்கள் வீடு. பெரியப்பா, பெரியம்மா, அவர்கள் பெண்ணான அக்கா, அப்பா, அம்மா, நான் என்று ஆறு பேர். பெரியப்பா ஜங்ஷன் பக்கத்தில் ரயில்வே ஆபீஸில் ஹெட் கிளார்க். அவருடைய ஒரு நாளைப் பார்த்து நீங்கள் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கலாம். விடிவதற்கு முன் அம்மா மண்டபம் படித்துறையில் காவேரி ஸ்நானம், வந்ததும் திருமண் இட்டுக்கொள்வது, பெருமாளுக்குத் தீர்த்தம், ஒரு டம்ளர் காபி, டவுன் பஸ். முப்பது வருஷத்தில் ஒரு நாள் கூட லீவு போட்டதில்லை என்று பெரியம்மா சொல்வாள். அது பெருமையா புகாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

இந்தத் தினசரிக் கிரமத்தில் என் பங்கு ஒன்று உண்டு. அவருடைய நாமப் பெட்டியோடு சேர்ந்த சின்னக் கண்ணாடிக்குக் கால் ஒடிந்துபோய் விட்டது. அதிலிருந்து அந்தக் கண்ணாடிக்கு நான்தான் கால். கிழக்கே பார்த்து உட்கார்ந்து, இடது உள்ளங்கையில் சொட்டுத் தண்ணீர் விட்டுத் திருமண் கட்டியை அவர் குழைப்பார். நான் எதிரே சம்மணமிட்டுக் கண்ணாடியை என் மோவாய்க்குக் கீழே பிடித்துக்கொள்வேன். ஈர மண் வாசனை வரும். முதல் மழைக்கு முற்றத்தில் எழும்புமே, அதே வாசனை. வெள்ளிக் குச்சியால் நெற்றியில் இரண்டு வெள்ளைக் கோடு, நடுவில் சிவப்பாக ஸ்ரீசூர்ணம். கடைசியாக இரண்டு கோடும் சேருகிற இடத்திலிருந்து மூக்கின் மேல் சின்னதாக ஒரு பாதம். தென்கலைக்காரர்களுக்குப் பாதம் உண்டு, வடகலைக்காரர்களுக்குக் கிடையாது. வெளியூர்க்காரர்களுக்கு இது ஒரு அரை அங்குல விஷயம். அந்த அரை அங்குலத்துக்காகக் கோர்ட்டுப் படி ஏறினவர்கள் உண்டு என்று எங்கள் தெருவில் பேசிக்கொள்வார்கள்.

பாதத்தை இட்டு முடித்ததும் என் மூக்கிலும் ஒரு பொட்டு வெள்ளை வைத்து, "போ, ஸ்கூலுக்கு நேரமாச்சு" என்பார். நான் துடைக்காமல் போவேன்.

அந்த வெள்ளிக்கிழமை காலை அவர் வேட்டியெல்லாம் சேறாக வீடு திரும்பினார். காவேரியில் செங்காவியாகத் தண்ணீர் போய்க்கொண்டிருந்த சமயம். படித்துறையில் பாசி வழுக்கிவிட்டது என்றார். கண்ணாடியை எடுத்துக்கொண்டு எதிரே போய் உட்கார்ந்தேன். அவர் குச்சியைத் தூக்கியவர் அப்படியே நிறுத்திவிட்டார்.

"என்னடி, ரெண்டு கண்ணாடியைப் பிடிச்சுண்டிருக்கே?"

"ஒண்ணுதான் பெரியப்பா."

"காலங்கார்த்தால விளையாடாதே."

பிறகு ஒரு கண்ணைக் கையால் பொத்திப் பார்த்தார். "ம்… ஒண்ணுதான்" என்று முனகிக்கொண்டே நாமத்தை இட்டுக்கொண்டார். கோடு கொஞ்சம் கோணலாக வந்தது. ஈரத் துணியால் துடைத்துவிட்டு மறுபடியும் இட்டார். நான் பார்த்து அவர் துடைத்தது அதுதான் முதல் தடவை.

அன்றைக்கு சாயங்காலம் அவரை எதிர்கொள்ள பஸ் நிற்கிற இடத்துக்குப் போயிருந்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தவரின் வலது கால் செருப்பு வழியிலேயே கழன்று கிடந்தது. அவருக்குத் தெரியவில்லை. ஒற்றைச் செருப்போடு பத்தடி நடந்துவிட்டார். நான் ஓடிப்போய் எடுத்துவந்து கொடுத்தபோது, "வார் தளர்ந்துபோச்சு, தைக்கக் கொடுக்கணும்" என்றார். நான் வாரைப் பார்த்தேன். அது கெட்டியாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை அவருடைய இடது கண் பாதி மூடியிருந்தது. வீட்டில் கூட்டம் கூடிவிட்டது. பெரியம்மா, கண்கட்டி வரப்போகிறது என்று கொல்லையிலிருந்து நந்தியாவட்டைப் பூவைப் பறித்துவந்து கண்ணில் ஒற்றி ஒற்றி எடுத்தாள். அப்பாவோ, "ராத்திரியெல்லாம் ஃபைல் பார்த்தா கண் என்னத்துக்கு ஆகும்? மூக்குக்கண்ணாடியை மாத்துங்கோண்ணா" என்றார். குச்சி கையிலிருந்து நழுவி விழுந்தபோது, "கையை மடிச்சு வெச்சுண்டு தூங்கியிருப்பேள், வாயு பிடிச்சுண்டிருக்கு" என்று அப்பாவே உட்கார்ந்து தைலம் தேய்த்துவிட்டார். காபி வலது கடைவாயில் வழிந்ததற்கு டம்ளரின் விளிம்பு நசுங்கியிருப்பது காரணமாயிற்று. காலுக்குப் பாசி முன்னாடியே காரணம் சொல்லிவிட்டது.

பூக்காரம்மா ஒருத்தி தினமும் வாசலில் பூ கொடுப்பாள். அவள் பெரியம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, "தப்பா நினைக்காதீங்க மாமி. ஐயா நேத்து பஸ்ஸுக்குப் போறப்ப என்னைப் பாத்து கண்ணடிச்சாருங்க" என்றாள். பெரியம்மா சிரித்த சிரிப்பில் அம்மா உள்ளேயிருந்து ஓடிவந்தாள். அன்று பூரா அதையே சொல்லிச் சொல்லி வீடே சிரித்தது. நானும்தான் சிரித்தேன்.

இப்போது யோசித்தால் தெளிவாகத் தெரிகிறது. கண் இடது பக்கம், கை கால் வலது பக்கம். எல்லாம் ஒரே பக்கமாக இருந்திருந்தால் பாரிச வாயுவோ, பக்கவாதமோ என்று யாராவது பயந்திருப்பார்கள். எதிரெதிர்ப் பக்கமாக இருந்ததால் இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று எல்லோருக்கும் ஒரு தைரியம். கண்ணைப் பெரியம்மாவும் கையை அப்பாவும் பங்கு போட்டுக்கொண்டு வைத்தியம் பார்த்தார்கள். பாசத்தில் ஒருவருக்கொருவர் குறைந்தவர்கள் இல்லை. ஆனால் இரண்டையும் கூட்டிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

அன்றைக்கு அரைநாள் ஆபீஸ். பெரியப்பா லீவு சொல்லி அனுப்பினார். அதைக் கேட்டுத்தான் எனக்கு முதல் தடவையாக பயம் வந்தது.

மத்தியானம் கிணற்றடியில் என்னைக் கூப்பிட்டார். துவைக்கிற கல்லில் உட்கார்ந்து வலது கையை இடது கையால் தூக்கி மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

"கொழந்தே, நாளைக்கு அக்காவைப் பார்க்க வரா, தெரியுமோல்லியோ?"

"தெரியும். தஞ்சாவூர் டாக்டர் மாப்பிள்ளை."

"இது மூணாவது இடம். மொத இடம் ஜாதகம் சேரலைன்னா. ரெண்டாவது இடம் பொண்ணு உசரம்னு சொல்லிட்டா. பொண்ணோட தோப்பனார் வியாதிக்காரன்னு இந்த இடமும் போயிடப்படாது. பையன் வேற டாக்டர். என் கை வரலைங்கறதை அவா போற வரைக்கும் நீ வாயைத் திறக்கப்படாது. சத்தியம் பண்ணு."

கிணற்றுக் கயிற்றைத் தொட்டுச் சத்தியம் பண்ணினேன். அவருக்கு உடம்பு நிஜமாகவே சரியில்லை என்பதும், அது அவருக்கே தெரியும் என்பதும் எனக்குப் புரிந்துவிட்டது. அந்த ரகசியம் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. ஒன்பது வயசு, என்ன சொல்ல?

ஞாயிற்றுக்கிழமை. நாலரைக்கு ராகுகாலம் வருவதால் மூன்றரைக்கு வந்துவிடுகிறோம் என்று எழுதியிருந்தார்கள். சொஜ்ஜி கிளறுகிற நெய் வாசனை வாசல் வரை வந்தது. அக்காவுக்கு அம்மா தலை பின்னிக்கொண்டிருந்தாள். காலையில் தலைவலி என்று படுத்துவிட்ட பெரியப்பா மூன்று மணிக்கு முகத்தைக் கழுவிக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு பூஜை அறையான பெருமாள் உள்ளுக்குள் போய்க் கதவைச் சாத்தினார். நான் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டேன்.

"கண்ணாடியைக் கீழே வை. நீயே இட்டுவிடு."

நான் திகைத்துப் போனேன். பெண் குழந்தை, ஆண்பிள்ளைக்குத் திருமண் இடுவது எங்கள் வீட்டில் கேள்விப்படாத விஷயம். அவருக்கும் அது தெரியும். "பெருமாள் கோச்சுக்க மாட்டார், இடு" என்று கண்ணை மூடிக்கொண்டார். இடது கண் ஏற்கெனவே முக்கால்வாசி மூடித்தான் இருந்தது.

ஸ்கூலில் டிராயிங்கில் எனக்குத்தான் முதல் மார்க். மூச்சைப் பிடித்துக்கொண்டு இட்டேன். இரண்டு கோடும் நூல் பிடித்த மாதிரி வந்தன. ஸ்ரீசூர்ணமும் ஆயிற்று. பாதத்துக்காகக் குச்சியைத் தோய்க்கிற நேரத்தில் வாசலில் டாக்ஸி ஹாரன் கேட்டது. மூன்றரைக்கு வரவேண்டியவர்கள் மூன்றேகாலுக்கே வந்துவிட்டார்கள். "வந்துட்டா! வந்துட்டா!" என்று அப்பா கூடத்தில் சத்தம் போட்டார். பெரியப்பா பதறி எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விட்டார். குச்சி என் கையிலேயே நின்றது.

அவர் கூடத்து மூலையில், இடது பக்கம் சுவர் ஓரமாக வருகிற மாதிரி பார்த்து உட்கார்ந்துகொண்டார். மாப்பிள்ளை, அவர் அம்மா, அவர் அப்பா என்று மூன்று பேர்தான் வந்திருந்தார்கள். மாப்பிள்ளை ஒல்லி, மூக்குக்கண்ணாடி, வெட்கம். அவர் அம்மா நல்ல ஆகிருதி. உட்கார்ந்ததும் அந்த மாமியின் பார்வை பெரியப்பாவின் நெற்றிக்குப் போய் அங்கேயே நின்றது. பக்கத்திலிருந்த கணவரிடம் குனிந்து அவர் ரகசியமாகக் கேட்டது கூடம் முழுக்கக் கேட்டது.

"தென்கலைன்னுதானே எழுதியிருந்தா? பாதத்தைக் காணோமே?"

அப்பா அப்போதுதான் அண்ணாவின் முகத்தைப் பார்த்தார். "தென்கலைதான்! தென்கலையேதான்!" என்று தன் மூக்கைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். "அப்போ தமையனார் மட்டும் மாறிட்டாரா?" என்று மாமி கேட்டார். பெரியப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். வார்த்தை குழறியதால் இருமிச் சமாளித்தார். நான் தூணுக்குப் பின்னால் நின்று, வெள்ளை ஒட்டியிருந்த விரல்களைப் பாவாடையில் துடைத்துத் துடைத்து மறைத்துக்கொண்டேன். அக்கா கல்யாணம் என்னால் நின்றுபோகப் போகிறது என்று நிச்சயமாகத் தெரிந்துவிட்டது.

நல்லவேளையாக அக்கா வந்து நமஸ்காரம் பண்ணினாள். பாடச் சொன்னார்கள். பாடினாள். நன்றாகவே பாடினாள். ஆனால் மாப்பிள்ளை அக்காவைப் பார்க்கவில்லை. பெரியப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரியப்பா இமையைத் தூக்குவதற்காகப் புருவத்தை ஏற்றிக்கொண்டே இருந்தார். நாமம் மடிந்து மடிந்து மேலே போயிற்று. காபி வந்தது. பெரியப்பா இடது கையால் டம்ளரை எடுத்தார். பெரிய மனுஷர், சம்பந்தி வீட்டார் எதிரில், இடது கையால்! பெரியம்மா கண்ணால் ஜாடை காட்டினாள். மாப்பிள்ளையின் அம்மா பிள்ளையை முழங்கையால் இடித்து, "டேய், பாட்டைக் கேளுடா" என்றார்.

அவர் கேட்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். கூடத்தைத் தாண்டி நேராகப் பெரியப்பாவின் எதிரில் போய் மண்டியிட்டு உட்கார்ந்தார். பாட்டு நின்றுபோயிற்று.

"மாமா, தலையை ஆட்டாம என் விரலை மட்டும் பாருங்கோ."

பெரியப்பாவின் முகம் சிவந்துவிட்டது. "பொண்ணைப் பார்க்க வந்தேளா, என்னைப் பார்க்க வந்தேளா?"

"கோச்சுக்காதேள் மாமா. ஒரு நிமிஷம்." பிறகு திரும்பினார். கூடத்தில் அத்தனை பெரியவர்கள் இருக்க, தூணுக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்துக் கேட்டார். "நீ சொல்லு. மாமாவோட வலது கைக்கு என்ன ஆச்சு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பெரியப்பாவும் பார்த்தார். வலது கண் என்னை "சொல்லாதே" என்றது. இடது கண் எங்கேயோ கீழே, காது பக்கமாகப் போய் நின்றிருந்தது. அந்தக் கண்ணைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. கிணற்றுக் கயிறாவது சத்தியமாவது.

"வரலை. குச்சி பிடிக்க முடியலை. செருப்பு கழண்டது கூட அவருக்குத் தெரியலை. வெள்ளிக்கிழமை ஒரு கண்ணாடி ரெண்டா தெரிஞ்சுது. ஒரு கண்ணைப் பொத்தினா ஒண்ணா தெரிஞ்சுது."

மாப்பிள்ளை என் அப்பாவிடம் டார்ச் கேட்டார். இமையைத் தூக்கி வெளிச்சம் அடித்தார். வலது கண்ணின் நடு மணி சட்டென்று சுருங்கியது. இடது கண்ணில் அது அகலமாக, கறுப்பாக, அப்படியே இருந்தது. தன் இரண்டு கைகளையும் கொடுத்து அழுத்திப் பிடிக்கச் சொன்னார். பெரியப்பா எதிர்க்கவில்லை. இரண்டு நாளாகத் தூக்கிச் சுமந்ததை இறக்கிவைத்த மாதிரி தோளைத் தொங்கப்போட்டுவிட்டார்.

"டாக்ஸி வெளியில நிக்கறதோல்லியோ? இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும். நடக்க விடாதேங்கோ, தூக்கிண்டு வாங்கோ."

டாக்ஸியில் அப்பாவும் மாப்பிள்ளையும் பெரியப்பாவைச் சாய்த்துப் படுக்கவைத்துக்கொண்டார்கள். நானும் முன் சீட்டில் ஏறிவிட்டேன். இறங்கு என்று சொல்ல யாருக்கும் நேரமில்லை. காவேரிப் பாலத்தில் மாட்டு வண்டிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. டாக்ஸிக்காரர் தலையை வெளியே நீட்டி, "வழி விடுங்க, உடம்புக்கு முடியாதவரு இருக்காரு" என்று கத்திக்கொண்டே ஓட்டினார். மாப்பிள்ளை நாடியைப் பிடித்தபடியே இருந்தார். வீட்டில் அக்கா பாதிப் பாட்டோடும், மாப்பிள்ளையின் அம்மா முழுத் தட்டு சொஜ்ஜியோடும் உட்கார்ந்திருந்தார்களாம்.

ஆஸ்பத்திரியில் ரத்த அழுத்தம் பார்த்த பெரிய டாக்டர் இரண்டு தடவை பார்த்தார். மாப்பிள்ளை இங்கிலீஷில் ஏதோ ஒரு வியாதியின் பேரைச் சொன்னார். பெரிய டாக்டர் தானும் ஒரு முறை கண்ணையும் கையையும் சோதித்துவிட்டு அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார். அந்தப் பேர் அன்றைக்கே எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. வெபர் சிண்ட்ரோம். மாப்பிள்ளை அதைப் புத்தகத்தில் படித்திருக்கிறாரே தவிர, அதற்கு முன் கண்ணால் பார்த்ததில்லை.

அப்பாவுக்கு அவர் சொன்ன விளக்கம் எனக்கும் புரிந்தது. "முக்கொம்பு பார்த்திருக்கேளா? காவேரியும் கொள்ளிடமும் பிரியற இடம். அங்க அடைச்சா ரெண்டு ஆத்துலயும் தண்ணி குறையும் இல்லையா? அந்த மாதிரி மூளைக்கு நடுவுல ஒரு சின்ன இடம். இமையைத் தூக்கற நரம்பு அங்கேர்ந்து கிளம்பி அதே பக்கத்துக் கண்ணுக்குப் போறது. கை காலுக்குப் போற நரம்பு அது வழியாவே கீழே இறங்கி, எதிர்ப் பக்கம் மாறிடறது. அந்த இடத்துல ரத்தம் அடைச்சா இடது கண்ணும் வலது கையும் சேர்ந்து போகும். ரெண்டும் ஒரே வியாதி. இன்னும் ரெண்டு நாள் இந்த பி.பி.யோட காவேரிக்குக் குளிக்கப் போயிருந்தார்னா…"

அப்பா பெஞ்சில் உட்கார்ந்து, தைலம் தேய்த்த தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரியப்பா மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தார். அசையாமல் படுக்கை, மாத்திரை, உப்பில்லாத சாப்பாடு. உப்பில்லாத ரசத்தைப் பற்றி அவர் சொன்னதை எழுத முடியாது. சாயங்காலம் ஸ்கூல் விட்டதும் அம்மாவோடு நான் போவேன். நாமப் பெட்டியும் கூடவே வரும். இப்போது அது என் உத்தியோகம், ரகசியம் ஒன்றுமில்லை. விட்ட பாதத்துக்கு ஈடு கட்டுகிற மாதிரி மூக்கு நுனி வரைக்கும் பாதத்தை இழுத்துவிடுவேன். நர்ஸம்மா, "என்னங்க ஐயா, மூக்குல பாலம் போட்டுருக்காங்க?" என்று கேட்பார். பெரியப்பா கோணல் வாயால் சிரிப்பார்.

பத்தாம் நாள் மாப்பிள்ளையின் அம்மா பார்க்க வந்தார். வியாதியைப் பற்றி அந்த மாமிக்கு ஒரு கவலையும் இல்லை. மகன் டாக்டர், அவன் பார்த்துக்கொள்வான். அவர் மனசில் உறுத்திக்கொண்டிருந்தது ஒன்றே ஒன்றுதான். கட்டிலுக்கு அருகில் வந்ததும் குனிந்து பெரியப்பாவின் மூக்கைப் பார்த்தார். பாதம் மூக்கு நுனியில் தொங்கிக்கொண்டிருந்தது. மாமியின் முகம் மலர்ந்துவிட்டது. "தை மாசத்துல நல்ல முகூர்த்தம் இருக்கு" என்றார்.

தையில் கல்யாணம் நடந்தது. கன்னிகாதானத்துக்கு அக்காவை மடியில் உட்காரவைத்துக்கொண்டு, அவள் கையைப் பிடித்துக் கொடுக்க வேண்டும். பெரியப்பாவுக்கு விரல்கள் திரும்பியிருந்தன, நடுக்கம் போகவில்லை. அக்காவின் கையோடு அவர் கை ஆடி ஆடிப் போயிற்று. மாப்பிள்ளை, அன்றிலிருந்து எனக்கு அத்திம்பேர், சும்மா வாங்கிக்கொள்ளவில்லை. தன் இரண்டு கைகளையும் கீழே கொடுத்து இருவர் கையையும் சேர்த்துத் தாங்கிக்கொண்டார். பெரியம்மா அழுதாள், அப்பா அழுதார், நான் எதற்கென்று தெரியாமல் அழுதேன். அதைவிடச் சந்தோஷமான ஒரு காலை எனக்கு இன்றுவரை கிடைத்ததில்லை.

அதற்குப் பிறகு பெரியப்பா பதினாறு வருஷம் இருந்தார். இமை பாதிக்கு மேல் ஏறவில்லை. அந்தக் கண் கொஞ்சம் வெளியே பார்த்தபடியே இருந்ததால், திட்டும்போது அப்பாவைத் திட்டுகிறாரா அம்மாவையா என்று தெரியாது. இருவருமே பதில் சொல்லிவிடுவார்கள். பூக்காரம்மா கடைசி வரைக்கும், "ஐயா இப்பவும் கண்ணடிக்கிறாரு" என்று சொல்லிச் சிரிப்பாள். அடுத்த சித்திரைக்குள் தன் நாமத்தைத் தானே இட்டுக்கொள்ள ஆரம்பித்தார். நான் பழையபடி கண்ணாடிக்குக் கால் ஆனேன். அந்தக் கண்ணாடி எந்த வீடு மாறும்போது தொலைந்ததோ, தெரியவில்லை. வெள்ளிக் குச்சி மட்டும் அக்காவிடம் இருக்கிறது.

என் மனசில் ஒரு முள் மட்டும் கிடந்தது. ஒரு நாள் முழுக்க வாயை மூடிக்கொண்டிருந்தேனே, பாதத்தை விட்டு அக்கா கல்யாணத்தையே கெடுக்கப் பார்த்தேனே என்று. இதை யாரிடமும் சொன்னதில்லை. போன தையில் தில்லைநகரில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அத்திம்பேருக்கு எண்பத்தைந்து வயது. பிராக்டீஸை விட்டுப் பல வருஷம் ஆகிறது. பேச்சுவாக்கில், "அன்னிக்குத் திருமண் இட்டுவிட்டது நான்தான் அத்திம்பேர். அவசரத்துல பாதத்தை விட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டேன்.

அவர் பேப்பரை மடித்து வைத்தார்.

"நீ பாதத்தை விட்டதாலதான் மாமா பிழைச்சார்."

எனக்குப் புரியவில்லை.

"இமை இறங்கியிருந்ததை வந்தவுடனே பார்த்தேன். அது ஆயிரம் காரணத்தால வரும். சக்கரை வியாதில கூட வரும். நாளைக்கு ஆஸ்பத்திரில காட்டுங்கோன்னு சொல்லிட்டுக் கிளம்பியிருப்பேன். அப்பதான் எங்கம்மா பாதம் இல்லைன்னா. நெத்தியைப் பார்த்தேன். கோடு நூல் பிடிச்ச மாதிரி இருக்கு, பாதத்தைக் காணோம். நாப்பது வருஷமா தன் கையால இட்டுக்கறவர், பொண்ணு பார்க்க வர அன்னிக்குப் பாதத்தை மறப்பாரா? அப்போ இது அவர் கை இல்லை. வேற யாரோ இட்டிருக்கா. ஏன்? அவர் கைக்கு என்ன ஆச்சு? அதுக்கப்புறம்தான் அவர் காபியை எந்தக் கையால எடுக்கறார்னே பார்த்தேன்."

"அதுக்காக என்னை ஏன் கேட்டேள்? அத்தனை பெரியவா இருந்தாளே."

"இட்டது யார்னு தேடினேன். பெரியவா கையெல்லாம் சுத்தமா இருந்தது. தூணுக்குப் பின்னாடி ஒரு வாண்டு விரலைப் பாவாடைல துடைச்சுண்டு நிக்கறது. நகக்கண்ல வெள்ளை."

நான் என் விரல்களைப் பார்த்துக்கொண்டேன். என்னையறியாமல் கண் நிறைந்துவிட்டது. அறுபது வருஷம் வீணாக ஒரு முள்ளை வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அக்கா உள்ளேயிருந்து காபியோடு வந்தாள். எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாளோ, டம்ளரை ணங்கென்று அவர் முன்னால் வைத்தாள்.

"ஆக, எங்கப்பா கண்ணைப் பார்த்தேள். நெத்தியைப் பார்த்தேள். இவ நகத்தைக்கூடப் பார்த்தேள். நடுக்கூடத்துல உட்கார்ந்து ஒருத்தி பாடிண்டிருந்தாளே, ஞாபகம் இருக்கா?"